கண்ட்ரோல் அக்கா

டாக்ஸி ஆபீசில் அவளுக்குக் கண்ட்ரோல் அக்கா என்றுதான் பெயர். வண்டி கேட்டு வரும் அழைப்பை எடுப்பது, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று திரையில் பார்த்து அனுப்பி வைப்பது, இதுதான் வேலை. யார் வெறுமனே அவசரப்படுகிறார்கள், யார் அழுகையை அடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்கிறார்கள் என்பதெல்லாம் குரல் காதில் விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். டிரைவர்கள் அவளுக்குப் பயப்படுவார்கள். முதுகுக்குப் பின்னால் கேலியும் பேசுவார்கள். "நம்மகிட்டதான் இவ்வளவு கண்ட்ரோலு, வீட்ல ஒண்ணும் நடக்கலையாம்" என்று ஒருவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னது பொய்யாக இருந்தால் அல்லவா சண்டைக்குப் போக முடியும்.

ஒரே மகன். இருபது வயது. பரீட்சைக்குக் கண் விழிக்க என்று ஒரு மாத்திரையில் ஆரம்பித்தான், பிறகு தூங்க ஒன்று, பிறகு எதற்கென்றே தெரியாமல் கையில் கிடைத்தது எல்லாம். படிப்பு பாதியில் நின்றது. இரண்டு முறை சிகிச்சை மையத்தில் சேர்த்தார்கள். இரண்டு முறையும் கன்னத்தில் சதை போட்டுத் திரும்பி வந்தான். இரண்டு முறையும் கொஞ்ச நாளில் கண் உள்ளே போய்விட்டது. அவள் கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதன். "மெஷினா இருந்தா எது போச்சுன்னு பார்த்து மாத்திடுவேன்" என்று ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இரண்டாம் முறை வீட்டுக்கு அனுப்பியபோது மையத்திலிருந்து, போதையிலிருந்து மீளத் துணை நிற்கும் ஒரு கோச்சும் கூடவே வந்தான். எல்லோரும் அவனை நெட்டை என்றே கூப்பிட்டார்கள், அவனும் அதற்கே திரும்பிப் பார்த்தான். அவன் டாக்டர் இல்லை, மருந்து எழுதுகிறவனும் இல்லை. ஒரு காலத்தில் தானே அந்தக் குழியில் கிடந்து ஏறி வந்தவன். வாரத்துக்கு ஒருமுறை வருவான். மகனோடு நடந்துவிட்டு வருவான், வேலை கேட்கத் துணைக்குப் போவான், சில நாள் படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமலே இருந்துவிட்டுப் போவான். 'இதுக்கு ஒரு ஆளா' என்று அவள் மனதுக்குள் முணுமுணுத்ததுண்டு. ஆனால் ஒரு சாயங்காலம் படிக்கட்டுப் பக்கமிருந்து மகன் சிரிக்கிற சத்தம் கேட்டது. கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை. பெற்று வளர்த்தவளுக்குத் திறக்காத கதவு நேற்று வந்தவனுக்கு எப்படித் திறந்தது? அந்த வித்தையை எங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நெட்டையையே கேட்டாள். மையத்தில் இளைஞர்களுக்கும் குடும்பங்களுக்கும் மீட்புக் கோச் ஆவதற்குப் பயிற்சி நடக்கிறது, வெளியாட்களும் சேரலாம் என்றான். அடுத்த வாரமே சேர்ந்துவிட்டாள்.

டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. கீழே சக்கரம் கழற்றுகிற இயந்திரம் விட்டு விட்டு உறுமும், மேலே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நெட்டைதான் வகுப்பு எடுத்தான். முதல் பாடம், எதிரில் இருப்பவர் கஷ்டத்தைச் சொல்லும்போது யோசனை சொல்லக் கூடாது. அவளோடு ஜோடி சேர்ந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முழங்கால் வலி என்று ஆரம்பித்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் எந்த டாக்டர், எந்தத் தைலம், காலை மடக்கி எப்படி உட்காரக் கூடாது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் உள்ளே சுருக்கென்றது.

வகுப்பு முடிந்ததும் நெட்டை அவளைத் தனியாக நிறுத்தினான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையனுக்கு நீங்க கோச்சா இருக்க முடியாது. வீட்ல அம்மாவா இருங்க, அது போதும். அவன் என்கிட்ட பேசுறது என்கிட்டயே இருக்கும். நீங்களும் கேக்கக் கூடாது."

"சரி தம்பி, எனக்குத் தெரியாதா" என்று மண்டையை ஆட்டினாள்.

வீட்டுக்குப் போனதும் அன்றே ஆரம்பித்தாள். மகன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கையை மடியில் வைத்து, வகுப்பில் சொன்ன மாதிரியே குரலைத் தணித்து, "இப்ப உன் மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டாள்.

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "என்னம்மா, செய்தி வாசிக்கிற மாதிரி பேசுற?"

"சும்மா கேட்டேன். ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள உன் மனசு எப்படி இருக்குன்னு சொல்லேன்."

"அம்மா, ப்ளீஸ்."

விட்டாளா? வாரா வாரம் புதுசாகக் கற்றதை எல்லாம் அவன்மேல் போட்டுப் பார்த்தாள். நெட்டை வந்துவிட்டுப் போகும்போது வாசலில் மடக்கி, "என்ன சொன்னான்? ஏதாவது சொன்னானா?" என்றாள். நெட்டை பிடி கொடுக்கவில்லை. ஆனால் வாசலில் இரண்டு பேரும் குசுகுசுவென்று நின்றதை மகன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு படிக்கட்டிலும் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

இதற்கிடையில் நேரடிப் பயிற்சிக்கு அவளை ஒரு குடும்பத்துக்கு அனுப்பினார்கள். அப்பா வெல்டர், மனைவியை இழந்தவர். பதினேழு வயதில் ஒரு மகள். மகளின் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் கனமான ஒரு தாழ்ப்பாள், அவர் தன் கையாலேயே செய்து போட்டது. "இதுக்கு மேல எனக்கு வேற வழி தெரியல" என்று முதல்நாளே அதைத் தட்டிக் காட்டினார். அந்தப் பெண் இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் உட்கார்ந்திருக்கிற நேரம் முழுக்க நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பாள், நடுநடுவே இவளை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பாள். இவளைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரியான பார்வை அது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் ஆபீஸ் திரையில் மகனின் போன் நம்பர் வந்தது. குரல் கேட்காமல் பதிவு செய்தால் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தோ என்னவோ, போனில் ஆப் வழியாக வண்டி பதிவு செய்திருந்தான். வீட்டுத் தெரு முனையிலிருந்து பழைய மைதானம் வரை. அங்கே யாரும் நல்ல காரியத்துக்குப் போவதில்லை என்பது ஊருக்கே தெரியும். அவள் ஓர் அழைப்பை எடுக்காமல் விட்டாள், இன்னொன்றையும் விட்டாள். பிறகு நம்பிக்கையான டிரைவர் ஒருவனைத் தேடிப் பிடித்து அந்தச் சவாரியைக் கொடுத்தாள். எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிப்பதால் அவனுக்கு ஹாரன் என்றே பெயர்.

"எங்க இறங்குறான், யாரைப் பார்க்குறான்னு மட்டும் பார்த்துச் சொல்லு. வேற ஒண்ணும் பண்ணாத."

ஹாரனுக்கு அவள்மேல் அத்தனை விசுவாசம். பார்த்துச் சொல்வதோடு நிற்கவில்லை. பின்னாலேயே இறங்கிப் போய், அங்கே நின்ற பையன்களைப் போலீஸ் என்று மிரட்டி, அவள் மகனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஆபீஸ் முற்றத்தில் இறக்கினான். "அக்கா, உங்க பையன்!" என்று கத்தினான், ஏதோ தொலைந்த பெட்டியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த மாதிரி.

முற்றத்தில் நின்ற டிரைவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகனின் சட்டை தோளில் கிழிந்திருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றாமலே ஓடி வந்தாள், அதன் வயர் பின்னால் தரையில் இழுபட்டது. மகன் அவளையும் அந்த வயரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுக்குத்தான் அந்தக் கிளாஸுக்குப் போறியா?"

அவ்வளவுதான் சொன்னான். கத்தவில்லை. கேட்டைத் தாண்டி வெளியே நடந்தான். அன்று வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் அணைந்திருந்தது.

தேடாத இடமில்லை. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்தார்கள். கணவன் வேலையை விட்டுவிட்டுப் பாலத்தடி, ரயில் நிலையம், மைதானம் என்று நடந்தே அலைந்தான். அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் செய்து, "இருபது வயசு, இடது புருவத்துல ஒரு வெட்டு" என்று சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப் போனது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் "இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று லைனில் நிறுத்தி வைப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் செத்துச் செத்துப் பிழைப்பாள்.

நெட்டையிடமும் மகன் பேசவில்லை. "நான் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு நினைச்சிருப்பான் அக்கா" என்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவளால் அவனும் ஒரு பையனின் நம்பிக்கையை இழந்திருந்தான்.

"கொஞ்ச நாள் பயிற்சிக்கு வராதீங்க."

"வீட்ல உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் தம்பி."

பயிற்சியையும் விடவில்லை, வேலைக்கும் போனாள். காதில் வந்து விழுகிற ஒவ்வொரு குரலும் அவனாக இருக்காதா என்று ஏங்கினாள். அப்படி ஒரு மத்தியானம் கைபேசி அடித்தது. வெல்டர்.

"பாப்பா பாத்ரூம்ல பூட்டிக்கிட்டா. தலகாணிக்கு அடியில மாத்திரை இருந்துச்சு, நான் அடிச்சிட்டேன், அதைப் பிடுங்கிட்டு உள்ள ஓடிட்டா. கதவை உடைக்கப் போறேன்."

"உடைக்காதீங்க அண்ணே. முதல்ல ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க. நான் வந்துட்டேன்."

வழியிலேயே நெட்டையைக் கூப்பிட்டாள். அவன் ஊரின் மறு கோடியில் இருந்தான். "கதவுகிட்டயே இருங்க, பேசிட்டே இருங்க" என்றான்.

அவள் போனபோது வெல்டர் கையில் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். முகம் முழுக்க வேர்வையா கண்ணீரா தெரியவில்லை. அவரை வாசலுக்கு அனுப்பி ஆம்புலன்ஸுக்காக நிற்கச் சொன்னாள். பாத்ரூம் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, நான் வந்திருக்கேன்."

அத்தனை வாரத்தில் முதல்முறையாக, அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"யாரு, கண்ட்ரோலா?"

அந்தப் பெயர் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"உன்கிட்ட யாரு சொன்னது?"

"உங்க பையன்தான். மையத்துல சனிக்கிழமை எங்க குரூப்புல அவனும்தான் இருந்தான். எங்கம்மா கோச் ஆகப் போறாங்க, வீட்ல ஒரு மூச்சு விட முடியலன்னு அங்க சொல்வான். அப்புறம் வெளியில போனா டிரைவரை விட்டுப் பிடிக்கிறாங்கன்னும் சொன்னான். நான் ஏன் உங்ககிட்ட வாயத் திறக்கலன்னு இப்பப் புரியுதா?"

டிரைவரை விட்டுப் பிடித்தது அவன் காணாமல் போன அன்றைக்குத்தான். அப்படியானால் அதற்குப் பிறகு இந்தப் பெண் அவனைப் பார்த்திருக்கிறாள்.

"அவனைப் பார்த்தியா? எப்ப பார்த்த? எங்க இருக்கான்?" கதவில் இரண்டு கையையும் வைத்து எழுந்தே நின்றுவிட்டாள்.

"பார்த்தீங்களா" என்றாள் அந்தப் பெண். குரல் குழறத் தொடங்கியிருந்தது. "நான் இங்க மாத்திரையோட உக்காந்திருக்கேன். நீங்க அவனைக் கேக்குறீங்க."

யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. அவள் மறுபடி தரையில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று வகுப்பில் படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"ஆமா. நீ சொல்றது சரிதான்" என்றாள். "எனக்கு இப்ப மூளையே ஓடல. எவ்வளவு மாத்திரை போட்ட கண்ணு?"

"கொஞ்சம்."

"மீதி கையில இருக்கா?"

"இருக்கு."

"போடணும்னு தோணுதா?"

அவள் கதவில் காதை வைத்துக்கொண்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தெரியல. பயமா இருக்கு. அவனும் அப்படித்தான் இருக்கான். ரொம்பக் காய்ச்சல். எழுந்து நிக்க முடியல. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டான். நான் சொன்னா நீங்க அங்க வண்டி அனுப்புவீங்க. இழுத்துட்டு வருவீங்க. அப்புறம் அவன் ஒரேயடியா எங்கயாவது போயிடுவான். அனுப்புவீங்களா மாட்டீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பொய். இடம் மட்டும் தெரிந்துவிட்டால் ஹாரன் பறந்து போவான். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அனுப்புவேன்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "நீ சொன்ன அடுத்த நிமிஷமே அனுப்பிடுவேன். என்னால சும்மா இருக்க முடியாது. என்கிட்ட சொல்லாத. நெட்டைகிட்ட சொல்லு. அவர் இழுக்க மாட்டார்."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. அந்த இடுக்கில் அந்தப் பெண்ணின் கை மட்டும் வந்தது. நகத்தில் பச்சைச் சாயம் பாதி உரிந்திருந்தது. கையில் மாத்திரை அட்டை. அவள் அதை வாங்கிக்கொண்டு, நெட்டையின் நம்பரைப் போட்டுத் தன் போனை அந்தக் கையில் வைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

அடுத்த நொடி உள்ளே குழாய் திறந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம். இவள் காதில் விழக் கூடாது என்று அந்தப் பெண் வேண்டுமென்றே திறந்துவிட்டாள்.

தன் பிள்ளை எங்கே கிடக்கிறான் என்பதை ஒரு மரக்கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்க, அவள் இந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதைக் கதவில் வைக்கலாம். வைத்தால் ஒரு சொல்லாவது கேட்கும். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, கதவை விட்டு நகர்ந்து எதிர்ச்சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அந்தப் பெண் தானே கதவைத் திறந்தாள். நிற்க முடியாமல் இவள்மேல் சாய்ந்தாள். வெல்டர் ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி நடையில் வெல்டரும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "இனிமே நான் என்ன பண்ணணும், சொல்லுங்க" என்று அவர் கேட்டார். "எனக்குத் தெரியல அண்ணே" என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவர் தலையாட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஆபத்தில்லை என்று நர்ஸ் வந்து சொன்னபோது அவர் அவள் தோளில் முகத்தைப் புதைத்து விசும்பினார். அவள் அப்படியே அசையாமல் இருந்தாள், கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் நெட்டையும் அவள் கணவனும் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் உள்ளே வந்தார்கள். மகன் அதில் கிடந்தான். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, அடையாளமே தெரியவில்லை. நுரையீரலில் சளி கட்டி நிமோனியா ஆகியிருக்கிறது என்றார் டாக்டர். எங்கேயிருந்து கொண்டுவந்தார்கள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நெட்டை கூட்டிப்போனதால் கணவனுக்குத் தெரியும். அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

உள்ளே போய்விட்டு வந்த நெட்டை அவள் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, அவன் அப்பாவை மட்டும் வரச் சொல்றான். உங்களை இப்ப பார்க்க வேணாமாம்."

"நான் பெத்தவடா!" நடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அவன் செத்துட்டானோன்னு இத்தனை நாளா ஒவ்வொரு ஆஸ்பத்திரியா... என்னைப் பார்க்க வேணாமா? என்னையா?"

நெட்டையைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். மகன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் உள்ளே போயிருப்பாள். அவன் கண்ணில் இருந்தது பயம். ஊசி குத்த வருகிறவரைப் பார்க்கிற குழந்தையின் பயம். மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வெளியே வந்து, நடையின் கோடியில் நின்று சுவரில் தலையை முட்டி முட்டி அழுதாள். கணவன் வந்து நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்தான்.

பயிற்சி நின்றது. டிரைவரை அனுப்பியதை அவளே மையத்தில் சொன்னாள், அவர்களும் மழுப்பாமல், இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். மகன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மையத்தின் விடுதிக்குப் போனான். அப்பா வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கு ஷேவ் பண்ணிக்கிட்டான்", "இன்னைக்கு ரொட்டி ரெண்டு சாப்பிட்டான்" என்று ஒரு வரி சொல்வான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் அடுத்த வாரம் வரை ஓட்டினாள்.

வெல்டரின் மகள் பிழைத்து வீட்டுக்கு வந்து, இவள்தான் வேண்டும் என்று மையத்தில் அடம்பிடித்தாள். வேறு யாரை அனுப்பினாலும் நகத்துக்குச் சாயம் பூசுகிறாளாம். நெட்டை வந்து சொன்னான்: "முதல்லேர்ந்து திரும்பச் சேருங்க அக்கா. ஆனா யோசிச்சு வாங்க."

அந்த வாரம்தான் மகன் அவளைப் பார்க்கச் சம்மதித்தான். விடுதிப் பின்கட்டில் ஒரு பெஞ்சு. அவன் தேநீர்க் கோப்பையோடு வந்து பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தான். அவளுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. ஒன்றும் கேட்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கன்னு கேக்க மாட்டியா?" என்றான்.

"கேட்டா என் வாய் நிக்காது. அதான்."

அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "திரும்பவும் போட மாட்டேன்னு என்னால சொல்ல முடியாதும்மா. சும்மா சொல்லலாம். ஆனா தெரியல."

"ம்" என்றாள். அந்த ஒரு ம்-மைச் சொல்வதற்குள் உயிர் போய் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பயிற்சியில திரும்பச் சேரலாம்னு இருக்கேன். உனக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்" என்றாள்.

அவன் முகம் இறுகியது. "எனக்காக வேணாம்."

"உனக்காக இல்ல. ஒருத்தங்க என்னைக் கேக்குறாங்க."

"யாரு?"

வாய் வரை வந்தது. அவனுக்குத் தெரிந்த பெண். அவன் உயிரோடு இங்கே உட்கார்ந்திருப்பதே அந்தப் பெண்ணால்தான். சொன்னால் அவன் முகம் மலரும், இன்னும் நான்கு வார்த்தை பேசுவான். அந்த நான்கு வார்த்தைக்கு அவள் எதையும் கொடுப்பாள்.

"அதைச் சொல்ல முடியாதுப்பா" என்றாள்.

அவன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு மீதித் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தான்.

"அடுத்த வாரம் அப்பாகூட நீயும் வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.